தொலைக்காட்சியில் வராத வெள்ளம்

நேயர்களுக்கு வணக்கம்.

சுனாமி என்றதும் நமக்கு நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் முல்லைத்தீவும்தான் கண்முன்னே வரும். இன்று நான் பேச வந்தது, அந்தச் சமயத்தில் கடல் கடந்து வந்த பணத்தைப் பற்றி. வெளிநாட்டில் ஓர் இயற்கைப் பேரழிவு நடந்தால் உதவ வேண்டியது அரசாங்கமா, மக்களா? 2004 டிசம்பரில் இந்தக் கேள்வி உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

அலை அடித்த மறுநாளே, ஐ.நா.வின் நிவாரணப் பணிகளுக்குத் தலைவராக இருந்த யான் எகலாந்து, பணக்கார நாடுகள் உதவி செய்வதில் கஞ்சத்தனம் காட்டுகின்றன என்று வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்க அரசு முதலில் அறிவித்தது 1.5 கோடி டாலர். பிறகு அது 3.5 கோடி ஆனது. டிசம்பர் 31 அன்று 35 கோடி ஆனது. அந்த நாட்டிலேயே ஒரு சாரார் இதை எதிர்த்தார்கள். வரிப்பணத்தை எடுத்து நீட்டுவது தர்மம் ஆகாது, அவரவர் மனமுவந்து தன் பையிலிருந்து கொடுப்பதுதான் தர்மம், அதை மக்களிடமே விட்டுவிடுங்கள் என்றார்கள்.

இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். மக்கள் அள்ளித்தான் கொடுத்தார்கள். பிரிட்டனில் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து விடுத்த ஒரே வேண்டுகோளுக்கு 39.2 கோடி பவுண்டு குவிந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்த மொத்த உதவி ஏறக்குறைய 1,350 கோடி டாலர். அதில் சுமார் 550 கோடி, பெயர் தெரியாத சாதாரண மனிதர்கள் தந்தது.

ஆனால் ஆச்சேயை நினைத்துப் பாருங்கள். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவின் வடமுனை அது. அங்கே மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்துபோனார்கள். மேற்குக் கரைச் சாலையைக் கடல் வாரிக்கொண்டு போய்விட்டது, பாலங்களும் இல்லை. பல ஊர்களில் பிழைத்துக் கிடந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் போக வேண்டுமென்றால் ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். ஆப்ரகாம் லிங்கன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் அந்தக் கடலில் வந்து நின்று, அதிலிருந்து ஹெலிகாப்டர்கள் நாள்தோறும் தண்ணீரும் உணவும் கொண்டுபோய் இறக்கின. நம் கரையிலேயே பிணங்களை எடுத்து முடிக்காத நிலையில், இந்தியக் கடற்படைக் கப்பல்கள் இலங்கையின் திருகோணமலைக்கும் காலித் துறைமுகத்துக்கும் விரைந்தன. இந்த வேலையை எந்த அறக்கட்டளையாலும் செய்திருக்க முடியாது. உண்டியலில் எத்தனை கோடி சேர்ந்தாலும் ஒரே இரவில் ஒரு கடற்படையை உருவாக்க முடியுமா?

சரி, அப்படியானால் தனியார் உதவி இரண்டாம்பட்சமா? அப்படியும் நான் சொல்லமாட்டேன். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு அப்போது செய்த ஒரு காரியத்தை நான் மறப்பதே இல்லை. சுனாமி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பணம் கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள், "சுனாமிக்கென்று எங்களுக்குத் தேவையான பணம் வந்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்" என்று அறிவித்தார்கள். மிஞ்சிய தொகையை வேறு நாட்டுத் துயரங்களுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே அனுமதியும் கேட்டார்கள். நன்கொடை திரட்டி வாழும் ஓர் அமைப்பு, வருகிற பணத்தை வேண்டாம் என்பதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! அவர்களைக் கண்டித்துப் பேசியவர்களும் உண்டு. என் பார்வையில், அந்த ஆண்டில் நடந்த மிக நல்ல காரியங்களில் அது ஒன்று.

ஏனென்றால் கொடுக்கும் மனது இருந்தால் மட்டும் போதாது என்பதை நம் ஊரிலேயே பார்த்தோம். நாகை மாவட்டத்தில் சாலையோரமெல்லாம் பழைய துணி மலைபோலக் கிடந்தது. தன் உழைப்பில் மானமாக வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. அப்புறம் படகுகள். ஆளாளுக்குக் கண்ணாடியிழைப் படகு வாங்கித் தந்ததில், சில கடற்கரை ஊர்களில் முன்பு இருந்ததைவிடப் படகுகள் கூடிப்போயின.

இதைவிட என்னை உறுத்துவது வேறொரு கணக்கு. சர்வதேச உதவி அமைப்புகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. சுனாமியில் பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு வந்த உதவி சராசரியாக 7,100 டாலர். அதே 2004-ல், சில மாதங்களுக்கு முன்னால், பங்களாதேஷில் பெருவெள்ளம். 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அங்கே ஒருவருக்கு வந்தது 3 டாலர்.

ஏன் இப்படி? சுனாமியை உலகம் தன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. விடுமுறைக் காலம். தாய்லாந்துக் கடற்கரை விடுதிகளில் ஐரோப்பியர்கள் தங்கியிருந்தார்கள். சுவீடன் நாட்டவர் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் எடுத்த படங்கள்தான் எல்லாத் திரையிலும் ஓடின. பங்களாதேஷின் வெள்ளத்தை அப்படிப் படம்பிடித்துக் காட்ட யாரும் இல்லை.

கண்ணால் பார்த்த துயரத்துக்கு ஒரு தனிமனிதர் இரங்குவதில் எந்தக் குறையும் இல்லை. மனசு அப்படித்தான். ஆனால் அரசாங்கத்துக்கு அந்தச் சாக்குப் பொருந்தாது. அதற்குத் தூதரகம் இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள், டாக்காவில் தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது என்ற அறிக்கை அன்றன்றைக்கு மேசைக்கு வருகிறது. அப்படியிருந்தும் அரசாங்கங்களும் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் கொடுத்தன. என் குற்றச்சாட்டு அவர்கள் மேல்தான்.

கொஞ்சம் பாடம் கற்றார்கள் என்றும் சொல்ல வேண்டும். 2006 மார்ச்சில் ஐ.நா.வின் மைய அவசரகால நிதி புது வடிவில் தொடங்கப்பட்டது. பெரும்பாலும் அரசுகள்தான் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கின்றன. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, யாரும் திரும்பிப் பார்க்காத, போதிய பணம் சேராத துயரங்களுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. உலகத்தின் தேவைக்கு முன்னால் அது மிகச் சிறிய தொகை. நம் அரசுகளிடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: பேரழிவு வந்தபின் போட்டி போட்டு அறிவிக்கும் தொகையை அல்ல, வருவதற்கு முன்பே போட்டு வைக்கும் தொகையை.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் நன்கொடைப் படிவத்தில் 'எதற்காக' என்ற இடத்தில் அந்த வாரம் செய்தியில் அடிபட்ட ஊரின் பெயரை எழுதுவேன். இப்போது அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்புகிறேன்.

நன்றி, வணக்கம்.