படத்தைத் திருப்புங்க: ஒரு அரூப ஓவியரோட முழுப் பட்டியல் போடுற வேலை

வணக்கம். உருவம் எதுவும் இல்லாம நிறமும் வடிவமுமா வரையுற ஒரு அரூப ஓவியர் வாழ்நாள்ல வரைஞ்சதை ஒண்ணு விடாம பட்டியல் போடணும்னா எங்க ஆரம்பிக்கிறது? உதாரணத்துக்கு வி.எஸ். கெய்தோண்டேவை எடுத்துக்கலாம். 1924-ல பிறந்து 2001-ல இறந்தவர். வருஷத்துக்கு அஞ்சாறு படம்தான் முடிப்பார்னு சொல்லுவாங்க. அப்போ வேலை சுலபம்தானேன்னு தோணும். ஆனா பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பே கிடையாது. ஒரே வருஷத்துல நாலு 'தலைப்பில்லாதது' இருந்தா எது எதுன்னு எப்படிச் சொல்லுவீங்க? மரம், மாடு, மனுஷன்னு அடையாளம் சொல்ல உள்ள ஒண்ணும் இல்ல. 'அந்த மஞ்சள் படம்'னா, எந்த மஞ்சள்?

அதனாலதான் சொல்றேன், முதல்ல படத்தைத் திருப்புங்க. கெய்தோண்டே கையெழுத்தையும் ஆண்டையும் படத்தோட முதுகுலதான் போடுவார், பல படத்துல தேவநாகரியிலயும் ஆங்கிலத்துலயும். இன்னொரு இந்திய ஓவியர் எஸ்.எச். ரஸாவும் பின்பக்கம் பேர், ஆண்டு, தலைப்புன்னு பெரிய எழுத்துல எழுதுற ஆள். அரூப ஓவியத்துக்கு ஆதார் கார்டு அந்த முதுகுதான்.

திருப்புறதுக்கு ரெண்டு பேர் வேணும், நைட்ரைல் கையுறை வேணும். முகத்தைக் கீழ வச்சுப் படுக்கப் போடவே கூடாது. தடிமனா வரைஞ்ச இடம் நசுங்கிடும். தரையில ரெண்டு ஸ்பாஞ்ச் கட்டை வச்சு, படத்தோட முகம் சுவரைப் பாக்குற மாதிரி சாய்ச்சு நிறுத்துங்க. பின்பக்கம் முழுசா ஒரு போட்டோ, கையெழுத்து கிட்டத்துல ஒண்ணு, ஒட்டின சீட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு, முத்திரைகள், மரச்சட்டத்தோட நாலு மூலை, நாலு ஓரம். சீட்டு பாதி உரிஞ்சிருந்தாலும் உரிக்காதீங்க. பென்சில் எழுத்து மங்கலா இருந்தா டார்ச்சைப் பக்கவாட்டுல கிட்டத்தட்ட படுக்க வச்சுப் பிடிங்க, மேல வந்துடும்.

இங்க அடிக்கடி நடக்குற விபத்து ஒண்ணு. பழைய துணி நைஞ்சுபோச்சுன்னு பின்னாடி புதுத் துணி ஒட்டிடுவாங்க. கையெழுத்து உள்ள போய் மறைஞ்சிடும். அப்போ வேலை செஞ்ச பழுது பாக்குறவர்கிட்ட 'முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா'ன்னு கேளுங்க. ஃப்ரேம் கடைக்காரர் அடிச்ச பின்பலகையைப் பழுது பாக்குற நிபுணர்தான் கழட்டணும், நீங்க ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீங்க.

சீட்டைப் படிக்கிறதே ஒரு தனிக் கலை. கேலரி முகவரியில ஆறு இலக்க பின்கோடு இருக்கா? பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட்ல. அப்போ அந்தச் சீட்டு அதுக்கு அப்புறம் ஒட்டினது. 'பாம்பே' இல்லாம 'மும்பை'ன்னு இருந்தா அநேகமா 1995-க்குப் பிறகு. 1963-ல வரைஞ்ச படத்துல மும்பைச் சீட்டு இருந்தா படம் போலின்னு அர்த்தம் இல்ல. சீட்டு பிற்பாடு ஒட்டினது, அவ்வளவுதான். இன்னொண்ணு: 1984-ல விபத்துல அடிபட்ட பிறகு பல வருஷம் கெய்தோண்டே பெரிய கேன்வாஸைத் தொடல, காகிதத்துல சின்னச் சின்ன மை வேலைதான். 1986-ன்னு ஆண்டு போட்ட ஆறடி கேன்வாஸ் வந்தா, மூச்சு விட்டு நிதானமா முதுகைப் பாருங்க.

அடுத்தது எது மேல், எது கீழ். சிரிக்காதீங்க. டச்சு அரூப ஓவியர் மோண்ட்ரியான் 1941-ல கலர் டேப் ஒட்டிச் செஞ்ச 'நியூயார்க் சிட்டி 1' பல பத்து வருஷமா தலைகீழாத் தொங்குதுன்னு 2022-ல அதை வச்சிருக்கிற ஜெர்மன் மியூசியத்தோட க்யூரேட்டரே சொன்னாங்க. அதுல கையெழுத்து இல்ல. ஸ்டுடியோவுல எடுத்த ஒரு பழைய போட்டோவுல அது வேற பக்கமா நிக்குது. இப்ப திருப்பினா டேப் உதிர்ந்துடும்னு அப்படியே விட்டுட்டாங்க. அதனால பட்டியல்ல 'மேல்பக்கம்'னு ஒரு கட்டம், பக்கத்துல 'ஆதாரம்'னு ஒரு கட்டம். ஓவியர் கையால போட்ட அம்புக்குறி, பின்பக்க எழுத்து, ஸ்டுடியோ போட்டோ, முதல் கண்காட்சி போட்டோ, இந்த வரிசையில நம்புங்க. தொங்கவிடுற கொக்கியைக் கடைசியா நம்புங்க, அது யார் வேணா மாத்தக்கூடியது. வழிஞ்ச பெயிண்டை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. அமெரிக்க அரூப ஓவியர் ரோத்கோவோட படம் சிலதுல சொட்டு மேல்நோக்கி ஓடும். வரையும்போதே கேன்வாஸைத் திருப்பியிருக்கார்.

அளவு: உயரம் முதல்ல, அகலம் அப்புறம், சென்டிமீட்டர்ல, ஃப்ரேம் இல்லாம. இடம், வலம், மேல், கீழ்னு நாலு ஓரமும் அளங்க, சட்டம் கோணியிருக்கும். பழைய கேட்லாக்ல 70 x 40 இஞ்ச்னா 177.8 x 101.6. ரெண்டு பக்கமும் சொல்லி வச்ச மாதிரி 4 இஞ்ச் கூடுதலா இருந்தா ஃப்ரேமோட அளந்திருக்காங்க. அகலத்தை முதல்ல எழுதுற கேட்லாக்கும் உண்டு. நிலக்காட்சின்னா பாத்தவுடனே தெரியும், இதுல தெரியாது. ஒரே படம் ரெண்டு பதிவா நுழையிறது பெரும்பாலும் இந்த வழியாத்தான்.

இப்பதான் முன்பக்க போட்டோ. ட்ரைபாட், 85-லிருந்து 105 எம்.எம். லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ரா ஃபைல் (கேமரா எதையும் மாத்தாம அப்படியே சேமிக்கிறது). ரெண்டு சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்குற துணிப்பெட்டி லைட்), ரெண்டு பக்கமும் 45 டிகிரி, ஒரே தூரம். கேமரா நேரா இருக்கான்னு பாக்க, படம் மாட்டுறதுக்கு முன்னாடி அந்தச் சுவர்ல சின்னக் கண்ணாடி ஒண்ணைத் தட்டையா ஒட்டுங்க. வ்யூஃபைண்டர் நடுவுல உங்க லென்ஸோட பிம்பமே தெரிஞ்சா நேரா இருக்கு. எக்ஸ்போஷரை மேனுவல்ல வைங்க. ஆட்டோவுல விட்டா கேமரா எதையும் நடுச் சாம்பலாக்கப் பாக்கும், வெள்ளைப் படமும் கறுப்புப் படமும் ஒரே அழுக்குக் கலர்ல வரும். கலரைத் தானா சரிபண்ற ஆட்டோ வொயிட் பேலன்ஸும் வேண்டாம். ஒரே கலர்ல இருக்கிற படத்துல அதுக்குப் பிடிமானம் கிடைக்காது. கலர் கார்டோட (கலரை ஒப்பிட்டுப் பாக்குற அட்டை) ஒரு ஷாட், கார்டு இல்லாம ஒரு ஷாட். ஆட்டோஃபோகஸும் வெறும் பரப்புல அலையும், துணி நெசவைப் பெரிசாக்கி கையால ஃபோகஸ் பண்ணுங்க. கெய்தோண்டே ரோலரும் பேலட் கத்தியும் வச்சு வேலை செஞ்சவர், அந்தத் தடம் நேர் வெளிச்சத்துல காணாமப் போயிடும். ஒரு லைட்டை மட்டும் படத்தோட பரப்புக்கு 10-15 டிகிரியில சாய்ச்சு தனியா ஒண்ணு எடுங்க. மூலப் பிரதியை 16-பிட் டிஃப் (TIFF) ஃபைலா வைங்க.

பதிவு எண்ல ஆண்டைச் சேர்க்காதீங்க. நாளைக்கு ஆண்டு மாறினா எண் பொய்யாயிடும். வெறும் 0001, 0002 போதும், நீக்கின எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்காதீங்க. ஓவியர் போட்ட நம்பரைத் தனிக் கட்டத்துல வைங்க. ரோத்கோவுக்கே 'எண் 10'னு பேர் உள்ள படம் ஒண்ணுக்கு மேல இருக்கு. கேலரி பிற்பாடு வச்ச செல்லப் பேரும் தனிக் கட்டம்.

கை மாறின வரலாறு எழுதும்போது, ஒருத்தர்கிட்டயிருந்து நேரா அடுத்தவருக்குப் போனா அரைப்புள்ளி, நடுவுல யார் வச்சிருந்தாங்கன்னு தெரியலைன்னா முற்றுப்புள்ளி. மியூசியங்கள்ல இருக்கிற வழக்கம் இது. இடைவெளியை மழுப்பி ஒட்டாதீங்க. சந்தேகப் படத்தையும் அழிக்க வேண்டாம். 'முடிவாகாதவை'ன்னு தனிப் பட்டியல்ல, முதுகு போட்டோ எல்லாத்தோடயும் வச்சிருங்க. ஒரே கையெழுத்து மாதிரி இன்னொண்ணு வந்து நிக்கும்போது பக்கத்துல வச்சுப் பாக்க அதுதான் வேணும்.

காகிதத்துல இருக்கிற மை வேலைகளுக்கு இதுல பாதி செல்லாது. மவுண்ட் போர்டுல (பின்னாடி தாங்குற கெட்டி அட்டை) ஒட்டிட்டா முதுகே கிடையாது. அதுக்குத் தனி வீடியோ போடுறேன்.