அடுத்த பிள்ளைக்கு முன்னால் அம்மாவின் உடம்பைத் தேற்றுவது எப்படி?

(காட்சி: ஆரம்ப சுகாதார நிலையம். தாயின் மடியில் கைக்குழந்தை, கையில் தடுப்பூசி அட்டை.)

பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி போட வந்திருக்கிறீர்கள். பிள்ளையை எடை போட்டாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. உடனே கிளம்பிவிடாதீர்கள். அடுத்த பிரசவம் நல்லபடியாக அமைய வேண்டிய வேலை இன்றைக்கே தொடங்குகிறது. செவிலியரிடம், "எனக்கும் பிரஷர் பாருங்கள் சிஸ்டர்" என்று கேளுங்கள்.

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள், பிரசவம் ஆனதும் அது போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பலருக்குப் போய்விடும், சிலருக்குத் தங்கிவிடும். ஆறாவது வாரத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். இரண்டாவது அளவு 140-க்குள் இருந்தால் சரி. 140 முதல் 199 வரை எல்லைக்கோடு. 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றுப் பரிசோதனையோடு நிறுத்தினால் எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் பலர் கண்ணில் படாமலே போய்விடுவார்கள். சரியாக இருந்தாலும் வருடம் ஒருமுறை பாருங்கள். சர்க்கரை ஏறியிருக்கும்போது கரு தங்கினால், முதல் சில வாரங்களிலேயே பிள்ளையின் இதயமும் முதுகெலும்பும் பாதிக்கப்படலாம்.

பிரஷரும் அப்படித்தான். போன கர்ப்பத்தில் பிரஷர் ஏறியிருந்தால் அடுத்ததிலும் ஏற வாய்ப்பு அதிகம். இப்போது எனலாப்ரில், லோசார்டன் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்கள், பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். அவை கருவுக்கு ஆகாது.

(காட்சி: உள்ளங்கையில் சிவப்பு மாத்திரை, பக்கத்தில் டீ டம்ளர். டம்ளர் மேல் குறுக்குக் கோடு.)

அரசு இலவசமாகத் தரும் இந்தச் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பின் 180 நாள், தினம் ஒன்று. பெரும்பாலோர் பாதியில் விடுவது இங்கேதான். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து விடுகிறார்கள். அது இரும்பின் நிறம்தான், கெடுதல் இல்லை. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். டீ, காபி முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒன்று காலையில், ஒன்று இரவில். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் தேறினாலும் உடம்பின் இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும்.

பத்தியம் என்று கீரையையும் மீனையும் விலக்குவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. முருங்கைக்கீரை, சூடை, சாளை, முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். பால் சுரக்க சுறாப் புட்டு கொடுக்கும் வீடுகளில், சிறிய சுறாவாகப் பார்த்து எப்போதாவது கொடுங்கள். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். பிரஷர் உள்ளவர்களுக்குக் கருவாடு வேண்டாம். இன்னொன்று: உப்பளத்திலிருந்து நேரே அள்ளிவரும் கல்லுப்பில் கடலின் அயோடின் தங்குவதில்லை. கருவில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர அயோடின் வேண்டும். அயோடின் சேர்த்த உப்பை வாங்கி, மூடி வைத்துப் பயன்படுத்துங்கள்.

இனி இடைவெளி. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு முயல 24 மாதமாவது போகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீக்கிரம் தங்கினால் குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த பிள்ளையும் ஆக வாய்ப்பு கூடும்; ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கர்ப்பப்பைத் தழும்பு பிரிகிற ஆபத்தும் உண்டு. பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்று நம்பியிருக்காதீர்கள். பிள்ளைக்கு 6 மாதம் ஆகாமல், மாதவிலக்கு வராமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால்தான், மூன்றும் சேர்ந்தால்தான், அது ஓரளவு காப்பு.

கரு தங்காமல் தடுக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி, அந்தரா என்ற கருத்தடை ஊசி இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். அந்தராவை 3 மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். நிறுத்திய பிறகும் கரு தங்கப் பல மாதம் ஆகலாம். காப்பர் டியை எடுத்ததும் தங்கலாம். கீழக்கரை, தொண்டி பக்கம் வெளிநாட்டிலிருந்து கணவர் இரண்டு மாத லீவில் வருவார் என்று நாள் எண்ணும் வீடுகளில் இந்த வித்தியாசம் முக்கியம். தேர்ந்தெடுக்கும் நாளில் கணவரும் போனிலாவது பேசட்டும். கடலுக்குப் போகிறவர் என்றால் கரையில் இருக்கும் நாளாகப் பார்த்து அழைத்து வாருங்கள். இது பெண் மட்டும் சுமக்கிற முடிவு இல்லை.

கணவர் வரும் தேதி தெரிந்தால் ஃபோலிக் அமிலமும் தொடங்கிவிடலாம்: தினம் 400 மைக்ரோகிராம், கரு தங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே, மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, மாத்திரை வாங்குவதற்குள் அந்த நேரம் போய்விடும். முன்பு முதுகுத்தண்டுக் குறையோடு பிள்ளை பிறந்திருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்பு மருந்து சாப்பிட்டாலோ இந்த அளவு போதாது. 5 மில்லிகிராம் தேவைப்படும். அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.