ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, வேலையைத் தொடங்கலாமா? ஐ-20இன் இரண்டாவது பக்கத்தைப் பாருங்கள்

வணக்கம். இன்று கேமராவை மேசை மேலேயே நிறுத்திவிட்டேன். உங்களுக்கு ஒரு காகிதத்தைக் காட்ட வேண்டும். இது என் ஐ-20, வெளிநாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம். முதல் பக்கம் எல்லோருக்கும் பழக்கம்தான்: பெயர், பல்கலைக்கழகம், படிப்பு முடியும் தேதி. நான் காட்ட வந்தது இரண்டாவது பக்கம். சொந்த விவரங்களை மறைத்திருக்கிறேன். இங்கே பாருங்கள், சிபிடி என்று இருக்கிறதா? படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வேலை செய்யத் தரும் அனுமதி அது. பக்கத்திலேயே முழுநேரமா பகுதிநேரமா, எந்தத் தேதியில் தொடங்குகிறது, எந்தத் தேதியில் முடிகிறது, எந்த நிறுவனம் என்று இருக்கும். எஃப்-1 விசாவில் அமெரிக்காவில் படிக்கும்போது இன்டர்ன்ஷிப் செய்ய நமக்கு இருக்கும் அனுமதி இந்த வரிதான். இதற்கென்று தனியாகக் கார்டு எதுவும் வராது.

ஏப்ரல், மே மாதங்களில் எனக்கு வரும் மெசேஜ்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, திங்கள்கிழமை சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?" படிக்கும்போதே எனக்குப் பதறும். நிறுவனம் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது, சரி. நாட்டின் அனுமதி இன்னும் வரவில்லையே. ஆஃபர் லெட்டரை வைத்துத்தான் அந்த அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். முதல் வருடக் கோடையில் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. ஜூன் முதல் வாரம் தொடக்கம் என்று சிபிடியும் வாங்கிவிட்டேன். அதற்குப் பத்து நாள் முன்னால் மேனேஜரிடமிருந்து மெயில்: எல்லா இன்டர்ன்களுக்கும் இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சி, சம்பளம் கிடையாது, வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். சரி என்று பதில் டைப் செய்துவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஏதோ உறுத்தியது, பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரியான டிஎஸ்ஓவிடம் கேட்டேன். அவர் ஒரே வரியில் சொன்னார்: பயிற்சியும் வேலைதான், உன் தேதி ஜூனில்தான் தொடங்குகிறது. மேனேஜருக்கு அதை எழுதியபோது அவருக்குப் பிடிக்கவில்லை. மற்ற எல்லோரும் வருகிறார்கள், உனக்கு மட்டும் என்ன பிரச்சினை என்றார். அன்று இரவு தூக்கமே இல்லை, ஆஃபரே போய்விடுமோ என்று பயம். கடைசியில் எச்ஆரில் ஒருவருக்கு விஷயம் புரிந்து, எனக்கு அந்தப் பயிற்சியை ஜூனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இந்த வீடியோவை எடுப்பதே அந்த இரவை நினைத்துத்தான். அப்படி ஒரு மெயில் உங்களுக்கும் வரலாம். "இது சின்ன விஷயம்" என்றுதான் சொல்லுவார்கள். அவர்களுக்குச் சின்ன விஷயம். நமக்கு அது அனுமதி இல்லாத வேலை. மாணவராக இங்கே இருப்பதற்கான சட்டபூர்வ ஸ்டேட்டஸ் போகலாம், நாளைக்கு எச்-1பி வேலை விசா விண்ணப்பத்திலும் வந்து நிற்கும்.

முடியும் தேதியும் அப்படித்தான். ஆகஸ்டில் சிபிடி முடிந்த பிறகு, "அந்த பிரசன்டேஷனை மட்டும் முடித்துக் கொடு" என்பார்கள். முடிந்தால் முடிந்ததுதான். நீட்டிக்க வேண்டுமென்றால் பழைய தேதி முடிவதற்கு முன்பே புது ஐ-20 கையில் இருக்க வேண்டும். நிறுவனம் மாறினாலும் புதிதாக வாங்க வேண்டும், ஏனென்றால் அனுமதி அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும்.

சரி, இந்த சிபிடி என்றால் என்ன? விரித்தால் கரிக்குலர் பிராக்டிகல் டிரெய்னிங். கரிக்குலர் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வேலை உங்கள் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். டிகிரிக்கே இன்டர்ன்ஷிப் கட்டாயமாக இருக்கலாம், இல்லையென்றால் இன்டர்ன்ஷிப்புக்கென்று இருக்கும் கோர்ஸில் பதிவு செய்து கிரெடிட் வாங்குவீர்கள். அந்த கிரெடிட்டுக்குப் பல இடங்களில் கட்டணம் உண்டு, கோடைக்கான பட்ஜெட்டில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதி கொடுப்பது டிஎஸ்ஓ. அவர் செவிஸ் என்ற அரசின் மாணவர் பதிவு அமைப்பில் பதிந்து, புது ஐ-20 கொடுப்பார். குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் அரசு அமைப்பான யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு விண்ணப்பமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஆனால் டிஎஸ்ஓ அலுவலகத்தில் மே மாதம் கூட்டம் அதிகம். கடைசி வாரத்தில் போய் நின்றால் உங்கள் தொடக்கத் தேதிதான் தள்ளிப்போகும்.

பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேரமாகப் படித்த பிறகுதான் சிபிடி. ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு இரண்டு செமஸ்டர் முடிந்து அடுத்த கோடையில் கிடைக்கும். ஜனவரியில் சேர்ந்தவருக்கு அதே வருடக் கோடையில் பெரும்பாலும் கிடைக்காது. ஸ்பிரிங்கில் சேர்ந்த பலர் இதைத் தெரியாமல் டிசம்பரிலேயே ஆஃபர் தேடி, கிடைத்த ஆஃபரை விட்டுவிட வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு: படிப்பின் அமைப்பே முதல் நாளிலிருந்து பயிற்சியைக் கட்டாயமாக்கும் முதுகலைப் படிப்புகள். இந்த விலக்கைக் காட்டித்தான் "டே ஒன் சிபிடி" என்று விளம்பரம் செய்கிறார்கள். எல்லாமே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பே நடக்காமல், பணம் கட்டினால் சிபிடி என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. ஐஸ் என்ற குடிவரவு அமலாக்க அமைப்பின் அதிகாரிகளே நடத்திய போலி நிறுவனம் அது. 2019 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தபோது அதில் பதிவு செய்திருந்த பலர் கைதானார்கள், பெரும்பாலானவர்கள் இந்திய மாணவர்கள். அரசு இப்படி வலை விரித்தது நியாயமா என்பதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபம் நம் ஸ்டேட்டஸைக் காப்பாற்றாது.

அப்புறம் கணக்கு. வாரம் 20 மணி நேரம் வரை என்றால் பகுதிநேரம், அதற்கு மேல் முழுநேரம். முழுநேர சிபிடி மொத்தம் 12 மாதங்களைத் தொட்டால், அதே நிலைப் படிப்புக்கான ஓபிடி, அதாவது பெரும்பாலும் படிப்பு முடிந்த பின் வேலை செய்யக் கிடைக்கும் அனுமதி, முழுவதும் போய்விடும். பகுதிநேரம் இந்தக் கணக்கில் சேராது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்றால் இழப்பு இன்னும் பெரிது. 12 மாத ஓபிடியோடு அதன் மேல் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பும் சேர்ந்து போகும், மொத்தம் மூன்று வருடம். ஒரு கோடைக்கு மூன்று மாதம் செய்பவருக்குப் பயம் இல்லை. "செமஸ்டர் நேரத்திலும் முழுநேரம் தொடர்ந்து செய்" என்று நிறுவனம் கேட்டால், காலண்டரை எடுத்து நாள் எண்ணிப் பாருங்கள்.

உங்கள் துறையில் சிபிடிக்கு வழியே இல்லையென்றால், படிப்பு முடிவதற்கு முன்பே எடுக்கும் ஓபிடி ஒன்று இருக்கிறது. அதற்கு யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு ஐ-765 என்ற வேலை அனுமதி விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு, எடுத்த காலம் பின்னால் கிடைக்கும் 12 மாதத்திலிருந்து கழியும். அதனால் நான் அதை இரண்டாவது வழியாகத்தான் சொல்லுவேன்.

சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு அனுமதி தேவையில்லை என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. லாபம் ஈட்டும் நிறுவனத்தில் மற்றவர்கள் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை நாம் சும்மா செய்தால் அது தன்னார்வத் தொண்டு ஆகிவிடாது. டிஎஸ்ஓவிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

சேரும் நாளில் ஒரு சிக்கல் வரலாம். வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்காக எச்ஆர் "ஈஏடி கார்டு எங்கே?" என்று வேலை அனுமதி அட்டையைக் கேட்பார்கள். சின்ன நிறுவனங்களில் பலருக்கு சிபிடி பற்றித் தெரியாது. பாஸ்போர்ட், ஐ-94 என்ற வருகைப் பதிவு, சிபிடி அச்சிட்ட ஐ-20, இந்த மூன்றும் சேர்ந்தால் போதும், பொறுமையாக விளக்குங்கள். எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இல்லையென்றால் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்குள் வந்ததும் விண்ணப்பிக்கலாம், நம்பர் வரும் வரை வேலை செய்யத் தடை இல்லை. முதல் சம்பளச் சீட்டு வந்ததும் சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். எஃப்-1 மாணவருக்குப் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடம் இந்த வரிகள் கிடையாது. ஆயிரம் டாலருக்கு எழுபத்தாறரை டாலர், அது உங்கள் பணம். பேரோலில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.

கடைசியாக, இந்த வீடியோவைப் பார்க்கும்போதே யாருக்காவது வயிற்றைப் பிசைந்தால், அதாவது தேதிக்கு முன்னாலோ பின்னாலோ ஏற்கனவே வேலை செய்திருந்தால், இன்றே நிறுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டு வழி கேட்காதீர்கள். முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள். செவிஸில் தகவல் தரும் கடமை டிஎஸ்ஓவுக்கு இருக்கிறது, அவரிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதையும் அந்த வழக்கறிஞரிடமே கேளுங்கள். ஐ-20, ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், எந்தெந்த நாள் வேலை செய்தீர்கள் என்ற கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.