கயிற்றின் மறுமுனை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். நான் கால்நடை மருத்துவன். லாடம் கட்டுவதற்காகக் காளையைச் சாய்ப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உடம்பைச் சுற்றி வளைத்த கயிற்றை மெல்ல மெல்ல இறுக்குவார்கள். காளை கால் தளர்ந்து தானே படுக்கும். தலை தரையில் மோதிவிடாமல் தாங்கிக்கொள்ள ஓர் ஆள் தலைமாட்டிலேயே நிற்பார். அதைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு, மாடு மேய்ப்பர்களின் திறமைப் போட்டி விழாவான அமெரிக்க ரோடியோவில் கன்றுக்குக் கயிறு வீசும் போட்டி தாங்க முடியாத காட்சி.

அடைப்பிலிருந்து கன்று பாய்ந்து ஓடுகிறது. பிறந்து சில மாதங்களே ஆன கன்று. எடை ஏறத்தாழ 100 முதல் 127 கிலோ. துரத்தி வரும் குதிரைவீரன் வீசிய சுருக்கு கழுத்தில் விழுகிறது. குதிரை சட்டென்று நிற்கிறது. கயிற்றின் மறுமுனையைச் சேணத்தின் முன்புறம் கொம்புபோல் நீண்டிருக்கும் பிடியில், அதாவது சேணக் கொம்பில், இறுகக் கட்டியிருப்பதால், ஓடிய வேகம் அத்தனையும் கன்றின் கழுத்துக்கே திரும்புகிறது. சில கன்றுகள் அந்தரத்தில் சுழன்று முதுகடிபட விழுகின்றன. வீரன் இறங்கி ஓடி, கன்றைத் தூக்கிக் கிடத்தி, மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டுகிறான். பிறகு ஆறு நொடி அந்தக் கட்டு அவிழாமல் இருக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் எட்டு நொடிக்குள் கட்டி முடித்துவிடுகிறார்கள்.

இந்தக் கலை பண்ணையில் பிறந்தது. மெக்சிகோவின் மாடு மேய்ப்பர்களிடமிருந்து அமெரிக்கர்கள் கற்றது. வேலியில்லாப் பெருவெளியில் கன்றைப் பிடிக்க வேறு வழி ஏது? அங்கே திருகுப்புழு ஈ என்றொரு கொடுமை இருந்தது. பிறந்த கன்றின் ஈரத் தொப்புளில் முட்டையிடும். புழுக்கள் உயிருள்ள தசையையே தின்னும். கன்றைப் பிடித்துத் தொப்புளைப் பார்த்து மருந்து தடவாவிட்டால் அது பிழைக்காது. கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களை விமானத்திலிருந்து தூவி, அந்த ஈயை ஒழித்துவிட்டதாக அமெரிக்கா 1966இல் அறிவித்தது. அதுவரை கன்றைக் காப்பாற்றியவற்றுள் கயிறும் ஒன்று. சூட்டுக்கோல் வைக்கவும் காயடிக்கவும் அதே கயிறு உதவியது. அந்த வலியை நான் மறைக்கவில்லை.

டெக்சாஸில் கயிற்றைக் கொம்பில் கட்டிவிடும் வழக்கம் உண்டு. கலிபோர்னியா, நெவாடாப் பக்கத்துப் பழைய முறை வேறு. கன்று சிக்கிய பிறகே கயிற்றைக் கொம்பில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். அதற்கு 'டேலி' என்று பெயர். 'ஒரு சுற்றுக் கொடு' என்ற ஸ்பானியச் சொற்களிலிருந்து வந்தது. இழுப்பு மிஞ்சினால் கயிறு கொம்பில் வழுக்கி இளகிக்கொடுக்கும். மாட்டுக்கு அதிர்ச்சி குறையும். ஆனால் கை தவறினால் வீரனின் பெருவிரல் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவே நசுங்கும். அப்படி விரலை இழந்தவர்கள் அங்கே பலர். ஆபத்தில் ஒரு பங்கை மனிதனும் ஏற்றுக்கொள்ளும் முறை அது. போட்டியிலோ கடிகாரம் வந்துவிட்டது. மெல்ல இறுக்கவும் இளக்கவும் நேரமில்லை.

காயங்கள் மிகக் குறைவு, மருத்துவர் அருகிலேயே இருக்கிறார் என்கிறார்கள் ரோடியோக்காரர்கள். எலும்பு முறிவை எண்ணலாம். அச்சத்தை எப்படி எண்ணுவது? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கன்றுகளின் இரத்தத்தை எடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். கயிறு வீச்சுக்கு முன்பே பழகியிருந்த கன்றுகளிடமும், வீச்சுக்குப் பின் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் உயர்ந்திருந்தது. பழகிவிட்டால் பயம் போய்விடும் என்ற சமாதானம் எனக்கு அதோடு முடிந்துபோயிற்று.

கனடாவின் குளோவர்டேல் ரோடியோவில் 2007இல் ஒரு கன்று காயம்பட்டு, அதைக் கருணைக் கொலை செய்ய நேர்ந்தது. அதன்பின் அவர்கள் இந்தப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். விழா நிற்கவில்லை.

ரோடியோவுக்குள்ளேயே இன்னொரு வழியும் இருக்கிறது. பெரும்பாலும் பெண்கள் ஆடும் 'பிரேக்அவே' என்ற பிரிவு. 2020இல் அதற்கும் தேசிய இறுதிப் போட்டி நடந்தது. அதே குதிரை, அதே குறி, அதே வேகம். கயிற்றின் மறுமுனையை மட்டும் ஒரு மெல்லிய நூலால் கொம்பில் கட்டுகிறார்கள். நடுவர் கண்ணில் படும்படி அதில் ஒரு துணித்துண்டு. சுருக்கு விழுந்து கயிறு விறைத்ததும் நூல் அறுகிறது, கடிகாரம் நிற்கிறது. கன்று விழுவதில்லை. கழுத்தில் கயிற்றோடு திடலின் மறுகோடிப் பட்டிக்கு ஓடிப்போகிறது. அங்கே ஒருவர் அதைக் கழற்றிவிடுகிறார்.