ராஜாஜி ஜெயில்ல எழுதினது இன்னிக்கும் உறுத்துது | பெங்களூர் வ்லாக்

எல்லாருக்கும் வணக்கம், இப்போ சென்ட்ரல் காலேஜ் மெட்ரோ ஸ்டேஷன் வெளிய நின்னு பேசிட்டு இருக்கேன், பஸ் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. ராஜாஜி பி.ஏ. படிச்சது இந்த காலேஜ்லதான். நம்ம ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளி ஆளு, 1878ல பொறந்தவரு. லீவு விட்டா அத்திப்பள்ளி தாண்டி அந்தப் பக்கமாத்தான் எல்லாரும் ஊருக்கு பஸ் பிடிக்கறோம், ஆனா அவரைப் பத்தி கேட்டா கடைசி கவர்னர் ஜெனரல்னு ஒரு வரி சொல்லிட்டு முடிச்சிடுவோம்.

எனக்கு அவர்கிட்ட பெருசா படறது வேலூர் ஜெயில் டைரி. 1921 டிசம்பர்ல உள்ள போறாரு, மூணு மாச தண்டனை. 1922 ஜனவரில அதுல எழுதறாரு, சுயராஜ்யம் வந்த உடனே நல்ல ஆட்சியோ ஜனங்களுக்கு சந்தோஷமோ வந்துடாது, ரொம்ப நாளைக்கு வராது, எலெக்‌ஷனும் அதுல நடக்கற ஊழலும், பணக்காரங்க அதிகாரமும், நிர்வாகத்துல திறமை இல்லாததும் சேந்து வாழ்க்கையை நரகமாக்கும்னு. விடுதலைக்கு 25 வருஷம் முன்னாடிங்க! அதே விடுதலைக்காக ஜெயிலுக்குப் போன மனுஷன் கம்பிக்கு உள்ள உக்காந்து இதை எழுதறாருன்னா அந்த நேர்மையை நான் கையெடுத்து கும்பிடறேன். அதுக்காக சுதந்திரம் வேண்டாம்னு சொல்லல, அடிமைங்கற அவமானம் போகும், அதுவே கெடைக்கற லாபம்ங்கறாரு. நம்பிக்கை எதுலன்னா, எல்லாருக்கும் படிப்பு, சின்ன வயசுலேர்ந்தே ஒழுக்கம், கடவுள் பயம், அன்பு.

இதை எழுதினவரு சும்மா உபதேசம் பண்ற ஆளும் இல்ல. 1917லேர்ந்து சேலம் முனிசிபாலிட்டி சேர்மனா இருந்தாரு, அப்போ அக்ரஹாரத்துக்கு தண்ணி விடற வேலைக்கு தலித் ஒருத்தரைப் போட்டாரு, சொந்த ஜாதிக்காரங்களே எதிர்த்தாங்க, மசியல. அவரோட பொது வாழ்க்கைல குழாய்த் தண்ணி மாதிரி விஷயந்தான் முதல்ல வந்துச்சு, டெல்லி எல்லாம் அப்புறம்.

நம்ம ஊரைப் பாருங்க. பெங்களூர் மாநகராட்சி கவுன்சில் காலம் 2020 செப்டம்பர்ல முடிஞ்சது, அப்புறம் வருஷக்கணக்கா எலெக்‌ஷனே நடக்கல, குப்பை கெடந்தா யாரைக் கேக்கறதுன்னு தெரியாது. சரி, நடக்கற எலெக்‌ஷன்லயாவது போறோமா, 2024 லோக்சபாவுக்கு சிட்டிக்குள்ள மூணு தொகுதியிலயும் கிட்டத்தட்ட பாதி பேர் ஓட்டே போடல. அதுல நம்ம தமிழ் ஆளுங்க நெறைய பேருக்கு பேரு இன்னும் ஊர் லிஸ்ட்லதான் இருக்கு, பத்து பதினஞ்சு வருஷமா இங்கயே குடியிருந்துட்டு அங்கயும் போறதில்ல இங்கயும் மாத்தறதில்ல, எனக்கு உண்மையிலேயே கோவம் வருது.

ஆனா ஒண்ணு சொல்லாம விட்டா நான் நேர்மையா பேசினதா ஆகாது. படிப்புதான் வழின்னு ஜெயில்ல எழுதின அதே மனுஷன் 1953ல முதலமைச்சரா இருந்தப்போ கிராமத்து தொடக்கப் பள்ளில பாடத்தை அரை நேரமா குறைச்சு, மீதி நேரம் அப்பா அம்மா தொழிலைக் கத்துக்கட்டும்னு திட்டம் கொண்டு வந்தாரு. பெரியார் குலக்கல்வின்னு சொல்லி எதிர்த்தாரு, காங்கிரஸ்க்குள்ளயே எதிர்ப்பு, 1954ல பதவி விலகிட்டாரு, காமராஜர் வந்து அதைத் தூக்கிட்டாரு. செருப்பு தைக்கறவர் பையன் மதியத்துக்கு மேல செருப்பு தைக்கணும்னா ஒழுக்கம் அவனுக்கு எங்கேர்ந்து வரும், படிச்ச வீட்டுப் பையன் அதே நேரத்துல படிச்சிட்டுத்தானே இருப்பான்? கெட்ட எண்ணத்துல பண்ணாருன்னு நான் சொல்ல மாட்டேன், பள்ளிக்கூடம் பத்தாது, நெறைய பசங்களை உள்ள கொண்டு வரணும்னு சொன்னாரு. ஆனா ஜாதி இருக்கற ஊருல தொழில்ங்கறது என்னன்னு சேலத்துல தண்ணிக் குழாய்லயே பாத்தவரு, அவருக்கு இது தெரிஞ்சிருக்கணும். ரெண்டும் ஒரே ஆள்தான், டைரியை மட்டும் எடுத்துக்கிட்டு இதை மறைக்க எனக்கு மனசு வரல.

உங்க வீட்டுல அந்த சமயத்துல ஸ்கூல் போன தாத்தா பாட்டி இருந்தா, அரை நாள் ஸ்கூல் எப்படி இருந்துச்சு, மீதி நேரம் என்ன பண்ணாங்கன்னு கேட்டு எழுதுங்க, நான் உக்காந்து எல்லாத்தையும் படிக்கறேன்.