மாலை வேண்டாம், கரண்டியைக் கொடுங்கள்

(சிங்கப்பூரில் சமூக மன்றக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். மூத்தோர் குடியிருப்புகளில் சமூக வாழ்க்கையும் பண்பாட்டு நிகழ்ச்சிகளும் என்று தலைவர் ஒரு தலைப்புக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் நீளமான தலைப்பு. நான் ஒரு பானையில் தொடங்குகிறேன்.

எங்கள் புளோக்கின் கீழே மூத்தோருக்கான சென்டர் ஒன்று இருக்கிறது. ஒரு தைப்பொங்கலுக்கு அங்கேயே பொங்கல் வைப்பதென்று முடிவு செய்தோம். தேக்காவுக்குப் போய் மண்பானை, மஞ்சள் கொத்து, கரும்பு எல்லாம் வாங்கினோம். கரும்பு டாக்சிக்குள் நுழையவில்லை, பாதியாக வெட்டி ஏற்றினோம். சென்டருக்குள் நெருப்பு மூட்டக்கூடாது என்பது விதி. சரி, இன்டக்ஷன் அடுப்பு இருக்கிறதே என்று பானையைத் தூக்கி அதன் மேல் வைத்தால், அடுப்பு இரண்டு முறை 'பீப்' என்று கத்திவிட்டு அணைந்துபோனது. காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தைத்தான் அந்த அடுப்பு ஏற்றுக்கொள்ளும். மண்பானையை எத்தனை பொட்டு வைத்து அலங்கரித்தாலும் அதற்குப் பானையாகத் தெரியாது. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நாங்கள் பத்துப் பேர் அடுப்பைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். மூலையில் ரம்மி-ஓ விளையாடிக்கொண்டிருந்த பத்தாம் மாடிச் சீன ஆண்ட்டி இதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். கால்மணி நேரத்தில் ஒரு பெரிய எவர்சில்வர் சூப் பானையோடு வந்தார். எங்கள் பாட்டி ஒருவருக்கு முகம் மாறியது. அதில் என்னென்ன சமைத்திருப்பார்களோ என்ற கவலை. ஆண்ட்டிக்கு அது உடனே புரிந்துவிட்டது. பானையைக் கவிழ்த்து, அடியில் உரிக்காத விலைச்சீட்டைக் காட்டி, "பாரு, பாரு!" என்றார். அங்கே உதவிக்கு வந்திருந்த இளம்பெண், "ஆண்ட்டி தமிழில் பார்க்கச் சொல்கிறாரே!" என்று அசந்துபோனாள். பெரியவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். மலாயில் 'பாரு' என்றால் புதுசு. பாட்டியும் சிரித்தார், பால் அந்தப் பானையில் இறங்கியது. பொங்கி வழிந்தபோது நாங்கள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, ரம்மி-ஓ மேசையிலிருந்து "ஹுவாட் ஆ!" என்று பதில் வந்தது. அவர்கள் சீனப் புத்தாண்டுக்கு லோஹெய் என்ற காய்கறிக் கலவையைக் கிளறும்போது, செல்வம் பெருகட்டும் என்று எழுப்புகிற அதே குரல். வழிந்த பாலில் அடுப்பு மறுபடியும் அணைந்துபோனது வேறு கதை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த ஆண்ட்டி அதுவரை எங்கள் எந்த நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. தீபாவளிக்கு அழைத்திருக்கிறோம். முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அன்று கடைசிவரை இருந்தார். தம் பானை அடுப்பில் இருக்கும்போது எப்படிப் போவார்?

இப்போது கொஞ்சம் தகவல். சிங்கப்பூரில் முதியவர்களுக்கென்று வீடு கட்டுவது இன்று நேற்று வந்ததல்ல. 1998இலேயே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) மூத்தோருக்கான ஸ்டூடியோ வீடுகளை அறிமுகப்படுத்தியது. 2015இல் ஈரறை ஃபிளெக்சி வீடுகள் வந்தன. 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் குறுகிய குத்தகையில் வாங்கலாம். 2018இல் உட்லண்ட்ஸில் கம்போங் அட்மிரல்டி என்ற மூத்தோர் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. 104 வீடுகள், கீழே உணவங்காடி, நடுவில் மருத்துவ நிலையம், உச்சியில் தோட்டம், அப்புறம் முதியோர் நிலையமும் குழந்தைப் பராமரிப்பு நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். அதே ஆண்டு உலகின் சிறந்த கட்டடம் என்று அனைத்துலகக் கட்டடக்கலை விழா ஒன்றில் விருதும் வாங்கியது. 2021இல் புக்கிட் பாத்தோக்கில் சமூகப் பராமரிப்பு வீடுகள் விற்பனைக்கு வந்தன. அங்கே ஒவ்வொரு மாடியிலும் எல்லாரும் கூடி உட்கார ஓர் இடம் உண்டு, நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யவும் ஆள் உண்டு. இவை போக, தீவெங்கும் புளோக்குகளின் அடியில் துடிப்பாக மூப்படைதல் நிலையங்கள் இருக்கின்றன. இந்தப் பெயரை எந்தத் தாத்தாவும் சொல்லி நான் கேட்டதில்லை. "சென்டர்" என்பார்கள், அவ்வளவுதான்.

ஆக, இடத்துக்குக் குறையில்லை. நாற்காலி உண்டு, குளிர்சாதனம் உண்டு, கராவோக்கே உண்டு, பிங்கோ உண்டு.

தமிழர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இந்த நாட்டில் வசிப்போரில் இந்தியர்கள் சுமார் 9 விழுக்காடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. நூறு வீடு உள்ள ஒரு மூத்தோர் புளோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரிக் கணக்குப் போட்டால் தமிழ் பேசும் வீடு இரண்டோ மூன்றோ தேறும். 1989இலிருந்து இனங்கள் ஒரே இடத்தில் குவியாதபடி வீவக பேட்டைகளுக்கு விகிதமும் இருக்கிறது. அந்தக் கொள்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை, அதன் நன்மையை அனுபவித்தவன் நான். ஆனால் 80 வயதில் தடி ஊன்றிக் கீழே இறங்கி வரும் ஒரு தாத்தாவுக்கு, தமிழில் பேச ஆள் இருக்குமா இல்லையா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம்தான்.

அந்தத் தாத்தாக்களைக் காப்பாற்றுவது மலாய்தான். பள்ளிக்கூடத்து மலாய் இல்லை, பசார் மலாய். சந்தையில், துறைமுகத்தில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தபோது காதால் படித்த மலாய். சீன ஆண்ட்டிக்கு ஆங்கிலம் வராது, நம் தாத்தாவுக்கு ஹொக்கியன் வராது. "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று ஒருவர் கேட்க, "சுடா, சுடா" என்று மற்றவர் சொல்ல, ஒரு காலைப்பொழுது ஓடிவிடும். இந்த மலாய் அவர்களுக்கு அடுத்த தலைமுறையிடம் இல்லை. அந்தத் தலைமுறையினர் முதியவர்கள் ஆகும்போது ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். ஆனால் 'பாரு'வுக்குச் சிரிக்க மாட்டார்கள்.

இப்போது ஒரு குறை சொல்லப்போகிறேன். எந்த அமைப்பு என்று சொல்லமாட்டேன், நீங்களும் ஊகிக்க வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி நிகழ்ச்சி. முதியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். சிறப்பு விருந்தினர் வர முக்கால் மணி நேரம் தாமதம். பிறகு மேடையில் இளம்பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆட, ஒலிபெருக்கி அதிர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் அன்பளிப்புப் பை: பிஸ்கட், ஓட்ஸ், ஒரு துண்டு. படம் எடுத்தார்கள். அவர் என் பக்கம் குனிந்து, "தம்பி, நான் எப்போது எழுந்து போகலாம்?" என்று கேட்டார். எனக்கும் 60 ஆகிவிட்டது அப்போது. அவருக்குத் தம்பிதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தப் பெரியவர் யார் தெரியுமா? இளம் வயதில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் நாடகம் போட்டவர். வசனம் எழுதுவார், பெண் வேடமும் கட்டுவார். அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1952இல் தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கினார். பேச்சுப் போட்டி, பாட்டு, நாடகம், விளையாட்டு என்று எல்லாம் அதில் இருந்தன. பகலெல்லாம் மூட்டை தூக்கியவர்களும் கம்பி கட்டியவர்களும் கடைச் சிப்பந்திகளும் ராத்திரி ஒத்திகை பார்த்து மேடை ஏறினார்கள். இப்போது 80ஐத் தாண்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள். விழா எடுக்கத் தெரிந்தவர்களைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, கைதட்டுங்கள் என்கிறோம்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், சென்டரில் 'தமிழ்ப் பாட்டு நேரம்' என்று ஒன்றை ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி. பாடல்களை நானே தேர்ந்தெடுத்தேன், பெரிய எழுத்தில் அச்சடித்தேன், சுண்டல் கூடச் செய்து கொண்டுபோனேன். வந்தவர்கள் நான்கு பேர். அடுத்த வாரம் இரண்டு. அவர்களில் ஒருவர் சுண்டலுக்கு வந்தவர். கோபத்தோடு போய் விசாரித்தால், மூன்று மணி என்பது ஆண்களுக்குத் தூங்கும் நேரம். பெண்களுக்கோ, சமையலில் பாதி வேலையை முடித்துவிட்டுப் பேரப்பிள்ளையைக் கூட்டிவரக் கிளம்பும் நேரம். ஓர் அக்கா நேராகவே கேட்டார்: "எங்களைக் கேட்டா வச்சீங்க?"

கேட்டு வைத்ததுதான் இன்றும் நடக்கிறது. அது பாட்டு இல்லை, பேப்பர். கண்புரை முற்றிய ஓர் ஐயா, தமிழ் முரசு வாங்குவார், ஆனால் படிக்க முடியாது. எதிர்வீட்டு அண்ணன் கண் நன்றாக இருப்பவர், ஆனால் காசு கொடுத்துப் பேப்பர் வாங்க மாட்டார். இரண்டு பேரையும் வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் அடியில் உள்ள திறந்த தளத்தில், இருக்கும் கல்மேசையில் சேர்த்துவைத்தோம். காலை ஒன்பதரைக்கு அண்ணன் உரக்கப் படிப்பார். முதலில் மரண அறிவிப்புகள். அதில் யாரோ தெரிந்தவர் இருந்தால் அன்றைக்கு மற்ற செய்திகள் கிடையாது, அவர் கதைதான். யார் மகன், எந்தப் பட்டறையில் வேலை, எந்தக் கோயிலில் காவடி எடுத்தார் என்று போகும். பிறகு தலையங்கம், பிறகு தமிழ்நாட்டுச் செய்தி, பிறகு சண்டை. இப்போது ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். ஒரு மலாய்க்கார ஆண்ட்டியும், மக்சிக் என்போமே, வந்து உட்காருகிறார். தமிழ் தெரியாது. அண்ணன் படிக்கிற குரல் பிடித்திருக்கிறது என்றார். அண்ணன் அதிலிருந்து சட்டை தேய்த்துப் போட்டு வருகிறார். இதற்குப் பதிவேடு இல்லை, பதாகை இல்லை. ஒரு நாள் அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால், எட்டுப் பேரும் அவர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 60 வயதில் தனிமையை உணர்பவர்கள், அப்படி உணராதவர்களைவிடச் சராசரியாக 3 முதல் 5 ஆண்டுகள் குறைவாக வாழ்வார்கள் என்று. அவர்கள் அளந்தது தனியாக வசிப்பதை இல்லை, தனியாக இருப்பதாக மனம் நினைப்பதை. மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டிலும் அது வரும். மாலை போட்ட முன்வரிசையிலும் வரும். என் பக்கத்தில் இருந்த அந்த நாடகக்காரருக்கு அன்று வந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் இளையர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அலுவலகம் முடிந்து வந்து நாற்காலி அடுக்குகிறீர்கள். அடுத்த முறை ஒன்று மட்டும் செய்து பாருங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்னால் போங்கள். "தாத்தா, வந்து கலந்துகொள்ளுங்கள்" என்று கேட்காதீர்கள். "தாத்தா, தோரணம் கட்டத் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியும் என்றால் விடாதீர்கள். பூத்தொடுக்கத் தெரிந்த பாட்டியை, கோலம் போட முட்டி ஒத்துழைக்காவிட்டாலும் நாற்காலியில் இருந்தபடி புள்ளிக்கணக்குச் சொல்லத் தெரிந்த பாட்டியை, மைக் செட்டுக்கு வயர் இழுத்த பழைய எலெக்ட்ரீஷியனைத் தேடிப் பிடியுங்கள். மெதுவாகத்தான் செய்வார்கள். தோரணம் கோணலாக இருக்கும். பாயசத்தில் இனிப்புக் குறைவு என்று ஒரு பாட்டியும், நீரிழிவு உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று இன்னொரு பாட்டியும் அரைமணி நேரம் வாதாடுவார்கள். வாதாட விடுங்கள். நிகழ்ச்சி அதுதான். மேடையில் நடப்பது மிச்சம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவை மூத்தோர் வீட்டில் குடிவைத்தபின், "அங்கே எல்லா வசதியும் இருக்கு" என்று நண்பர்களிடம் சொல்கிறீர்கள். அம்மா அங்கே யாரோடு சண்டை போட்டார் என்று கேட்டதுண்டா? சண்டை போட ஆள் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அம்மா எல்லாரையும் "நல்லவங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள்.

எங்கள் சென்டரில் அடுத்த பொங்கலுக்கு வேலை தொடங்கிவிட்டது. மண்பானை இல்லாமல் என்ன பொங்கல் என்று ஒரு கோஷ்டி. வெளியே திறந்த வெளியில் அடுப்பு மூட்ட அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்கள். பத்தாம் மாடி ஆண்ட்டிக்கு இது எப்படியோ தெரிந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். தம் பானையை ஒதுக்கிவிட்டோமாம். அதனால் இரண்டு பானை வைப்பதென்று பேசி முடித்திருக்கிறோம். சர்க்கரைப் பொங்கல் மண்பானையில், வெண்பொங்கல் ஆண்ட்டி பானையில். மிளகை எப்போது போட வேண்டும் என்று அவருக்கு மலாயில் சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படுகிறது. இந்த அவையில் பசார் மலாய் நன்றாகப் பேசுகிறவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். கோப்பி நான் வாங்கித் தருகிறேன். சர்க்கரை வேண்டாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பின்வரிசையில் ஒரு ஐயா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள் ஐயா.