அந்நியச் செடி அடுத்து எங்கே பரவும்? தட்பவெப்பத்தை வைத்து ஒரு கணிப்பு

[திரையில்: உலக வரைபடம். மத்திய, தென் அமெரிக்காவில் சிவப்புப் புள்ளிகள்.]

இந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் உண்ணிச்செடியை யாரோ நேர்ல பார்த்துப் பதிவு பண்ண இடம். லாண்டானான்னும் சொல்வாங்க. பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. அழகுக்காகக் கொண்டுபோன செடி, இன்னைக்கு ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியான்னு காட்டுக்குள்ள மண்டிக் கிடக்கு. அடுத்து எங்க வேர் பிடிக்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும்.

[திரையில்: ஒரு புள்ளி பெரிதாகிறது. பக்கத்தில் எண்கள்.]

இந்தப் புள்ளியை மட்டும் பாருங்க. ரொம்பக் குளிரான மாசத்துல வெப்பநிலை எவ்வளவு இறங்குது? ரொம்ப வறண்ட மாசத்துல எவ்வளவு மழை? வேர்ல்ட்க்ளிம் தரவுத்தொகுப்புல இந்த மாதிரி 19 அளவுகள், சுமார் ஒரு கிலோமீட்டர் கட்டம் கட்டமா, கிடைக்குது. உண்ணிச்செடி கடும் உறைபனியைத் தாங்காது. அந்த எல்லையை நாம சொல்லித் தர வேண்டாம். மேக்ஸென்ட் மாதிரி மென்பொருள் புள்ளிகளைப் பார்த்தே பிடிச்சுக்கும். செடி இருக்கற இடங்களைச் சுத்துவட்டாரத்தோட ஒப்பிட்டு, ஒவ்வொரு கட்டமும் செடிக்கு எவ்வளவு ஒத்துவரும்னு 0 முதல் 1 வரைக்கும் மதிப்பெண் போடும்.

ஆனா ஆள் நடமாட்டம் இருக்கற இடத்துலதானே பதிவும் அதிகம்? அந்தப் பக்கத்துத் தட்பவெப்பம்தான் செடிக்குப் பிடிக்கும்னு மென்பொருள் முடிவு கட்டிடும். அதனால ஒப்பீட்டுக்கு எடுக்கற இடங்களையும் அதே மாதிரி, ஆள் நடமாட்டம் இருக்கற பக்கமே அதிகமா வர்ற மாதிரி பொறுக்கறாங்க.

[திரையில்: ஊதாப் பூ. அடிச் செதில்களின் நுனியில் கருப்பு.]

இது ஸ்பாட்டட் நாப்வீட். எனக்கு இந்தக் கதைதான் ரொம்ப சுவாரசியம். ஐரோப்பாச் செடி, 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில வட அமெரிக்காவுக்கு வந்துச்சு. 2007ல வெளியான ஓர் ஆய்வுல, ஐரோப்பாப் புள்ளிகளை மட்டும் வெச்சுக் கணிச்சாங்க. செடி முதல்ல வந்து இறங்கின பகுதிகளைக் கணிப்பு சரியாச் சொல்லிடுச்சு. அப்புறம் பரவின இடங்கள்தான் மாட்டல! ஐரோப்பாவுல இருந்ததைவிட வறண்ட தட்பவெப்பத்துக்கு அது நகர்ந்து போயிருந்தது.

காரணம் என்னவா இருக்கும்? சொந்த மண்ணுல ஒரு செடியைக் கட்டிப்போடறது தட்பவெப்பம் மட்டும் இல்லை; அதைத் தின்னற பூச்சி, போட்டி போடற செடிகளும்தான். கடல் தாண்டினா அந்தக் கட்டு அவிழ்ந்துடலாம். புது இடத்துல செடியே மாறிக்கவும் செய்யலாம். அதனாலதான் இப்போ பூர்வீகப் புள்ளியோட, பரவின இடத்துப் புள்ளியையும் சேர்த்தே கணக்குப் போடறாங்க.

[திரையில்: 2070க்கான வரைபடம். சில பகுதிகளில் சாய்கோடுகள்.]

எதிர்காலத் தட்பவெப்பத்தைக் கொடுத்தா இப்படி ஒரு வரைபடமும் வரும். சாய்கோடு போட்ட இடங்கள்ல வரப்போற வெப்பமும் மழையும் மென்பொருள் இதுவரை பார்க்காதது. அங்க மதிப்பெண் 0.9ன்னு இருந்தாலும் அது வெறும் ஊகம்தான். நிறைய வரைபடங்கள்ல இந்தக் கோடே இருக்காது.